கப்பலில் ஒலிக்கும் குழூஉக்குறி

தகுதி வழக்கு இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும் என்று நன்னூலார் வகுத்ததை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். எடுத்துக்காட்டுகளும் ஆண்டுதோறும் அவையேதாம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். கடைசி எடுத்துக்காட்டைக் கூறும்போது மட்டும் கடைசி இருக்கைகளில் சிறு சிரிப்பொலி எழும். குடித்தவன் வாயிலிருந்து சொற்கள் விளம்பப்படுவதை அறியாத இளைஞர் எவருமிலர். அதிலும் நாம் குடியிருக்கும் கீழவாஞ்சூர், எல்லைக் கடைகளால் பெயர் பெற்றுவிட்ட ஊர். நாகூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மாலையில் 'வாஞ்சூர் வரை போய் வருகிறேன்' என்று கூறினால், கேட்டவர் மேற்கொண்டு வினவுவதில்லை. குழூஉக்குறிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆயினும் இவ்விலக்கணப் பகுதியை உயிர் போகும் செய்தியாக நாம் உணர்ந்தது, நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரால்தான். இவ்வூர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. நம் துறையில் இளங்கலை முடித்து, உணவகப் பணியில் பட்டயம் பெற்று, இப்போது வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிகிறார். சில திங்கள் கடல். பின்னர்ச் சில வாரம் ஊர். விடுப்பில் வந்திருந்தபோது நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, நீங்கள் நடத்திய குழூஉக்குறியைத்தான் நாங்கள் நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கிறோம்" என்றார்.

அவர் கூறியவற்றைக் கேட்ட பின்னர் நாமும் தேடிப் படித்தோம். உல்லாசக் கப்பலில் ஈராயிரம், மூவாயிரம் பயணிகள் உண்டு களித்திருக்கையில், ஒலிபெருக்கியில் 'பிராவோ, பிராவோ, பிராவோ' என்று ஓர் அறிவிப்பு எழும். உடன் ஓர் இடத்தின் பெயரும் வரும். பயணிகளுக்கு அது பாராட்டுச் சொல்லாகக்கூடத் தோன்றலாம். பணியாளருக்கோ, கூறப்பட்ட இடத்தில் தீப்பற்றிவிட்டது என்பது பொருள். 'ஆல்ஃபா' என்றால் எவருக்கோ உடல்நிலை மோசமாகிவிட்டது, மருத்துவக் குழு விரைக என்பதாகும். 'ஆஸ்கார்' என்றால் ஆள் கடலில் வீழ்ந்துவிட்டார் என்பதாகும். இச்சொற்கள் எல்லாக் கப்பல்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தீக்குச் சிலர் 'ரெட் பார்ட்டி' என்பர். பழைய கப்பல்களில் 'மிஸ்டர் ஸ்கைலைட்' என்று ஓர் ஆள் பெயரையே வைத்திருந்தனர்.

இவற்றுள் நன்னூலாரின் மூவகையும் அடங்கிக் கிடப்பதைக் கண்டு வியந்தோம். கப்பலில் எவரேனும் இறந்துவிட்டால் சில நிறுவனங்கள் 'ரைசிங் ஸ்டார்', அதாவது எழும் விண்மீன், என்று அறிவிக்கின்றன. இறப்பை எழுச்சியாகக் கூறும் இது மங்கலம். நம் முன்னோர் செத்தார் என்னாது துஞ்சினார் என்றதும், நம் வீடுகளில் 'வஃபாத்தானார்' என்று குரல் தாழ்த்திக் கூறுவதும் இவ்வகையினவே. பயணி ஒருவர் பொதுவிடத்தில் வாந்தி எடுத்துவிட்டால், அதனை மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருக்கித் துப்புரவுப் பணியாளரை அழைக்கின்றனர், இஃது இடக்கரடக்கல். எஞ்சியவை குழூஉக்குறி. இவற்றுள்ளும் இடுகுறியும் காரணமும் உண்டு. 'ஆஸ்கார்' என்பது வாளா இட்ட பெயரன்று. கப்பல்களுக்கிடையே கொடிவழிச் செய்தி கூறும் பன்னாட்டு முறையில், சிவப்பும் மஞ்சளுமாகக் குறுக்கே பிரிந்த 'ஓ' என்னும் எழுத்துக்குரிய கொடியை ஏற்றினால் 'ஆள் கடலில் விழுந்தார்' என்பதே பொருள். அந்த எழுத்தின் ஒலிப்பெயர்தான் ஆஸ்கார். 'பிராவோ' எழுத்துக்குரிய கொடியோ வெடிபொருள் போன்ற ஆபத்தான சரக்கைக் குறிப்பது. தீயோடு அதற்குள்ள உறவு சற்றுத் தொலைவானது.

கரையிலும் இவ்வழக்கம் உண்டு. இங்கிலாந்து நாடக அரங்குகளில் தீயென்று கூவாமல் 'மிஸ்டர் சேண்ட்ஸ்' என்பவரை அழைப்பர். இலண்டன் இரயில் நிலையங்களில் அவரே பதவி உயர்வு பெற்று 'இன்ஸ்பெக்டர் சேண்ட்ஸ்' ஆகிவிட்டார். தீயணைக்க வாளியில் வைத்திருந்த மணலே இப்பெயருக்கு மூலம் என்பர். நம் நாட்டு மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல்பிடித்து விலை பேசும் தரகரும், தம் செய்தி கூட்டத்துக்குத் தெரியலாகாது என்றே அவ்வாறு செய்கின்றனர். ஆனால் தரகர் மறைப்பது விலை. கப்பலில் மறைக்கப்படுவது, கேட்டுக்கொண்டிருப்பவரின் உயிர்பற்றிய செய்தி. இவ்வேறுபாடு நம் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

பணியாளர் தரப்பு நியாயம் எளிதில் விளங்கும். மூவாயிரம் பேர் கூடிய இடத்தில் 'தீ' என்னும் ஓரெழுத்துச் சொல் போதும். படிக்கட்டில் மிதிபட்டு மடிவோரும் இருக்கலாம். சிறு தீ, சமையற்கூடத்து எண்ணெய்ச் சட்டியிலோ சலவையறையிலோ தோன்றி விரைவில் அணைந்துவிடுவதும் உண்டு. அதற்காக மூவாயிரம் பேரை நள்ளிரவில் எழுப்புதல் அறிவுடைமையாகாது. இதனை நம் மாணவர் விளக்கினார். "அறிவிப்பு வந்ததும் ஓடக்கூடாது ஐயா, விரைந்து நடக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது. பயணி வழிமறித்துக் காப்பி கேட்டால் 'இதோ' என்று கூறிவிட்டுப் போகவேண்டும்" என்றார். அவர் சிரித்துக் காட்டவும் செய்தார். அச்சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை.

அதற்குக் காரணம் நம் பாட்டனார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' கப்பலில் அவர் பலமுறை பயணம் செய்தவர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கடற்கரை மக்களைச் சுமந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றிருந்தது என்பர். நாகையில் அது கரையணையாது; தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகிலேறிச் சென்று கப்பலேற வேண்டும். தளப் பயணிக்கு அறையில்லை, கட்டிலில்லை; பாயும் தகரப் பெட்டியும் சோற்றுப் பாத்திரமும்தாம். கப்பலில் என்ன நேர்ந்தாலும் தளத்துக்கு எவரும் வந்து விளக்கம் கூறமாட்டார். கலாசிகள் தமக்குள் இந்துஸ்தானியில் கூவிக்கொள்வர். ஆகவே, "சாரங்கின் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்; அவன் பீடி பற்றவைத்தால் நாங்கள் படுத்துக்கொள்வோம்" என்று பாட்டனார் கூறுவாராம். இதனை நமக்குச் சொன்னவர் நம் வாப்பா.

சொல் விளங்காதபோது முகமாவது விளங்கிற்று. இன்றைய கப்பலில் அம்முகத்துக்கும் பயிற்சி அளித்துவிட்டனர்.

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு. மாலுமி, சுக்கான் என நாம் தமிழென்றே வழங்கும் கடற்சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. நாகுதா, சாரங்கு முதலியன பாரசீகத்தின் வழி வந்தவை. முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லுக்கு ஆசிரியர் என்பது பொருள். வழி கற்பிப்பவனே கலஞ்செலுத்துபவன் என்னும் கருத்தில் அது மாலுமியாயிற்று. நம் முன்னோரின் கலங்களில் ஏறியிருந்தோர் அனைவருக்கும் இச்சொற்கள் பொதுச்சொற்களாய் இருந்தமையால்தான், அவை கரையேறி அகராதிக்குள்ளும் புகுந்தன. காரைக்கால் மூத்தோருக்கு உவப்பான மற்றொரு செய்தியும் உண்டு. இடருற்ற கப்பலும் வானூர்தியும் வானொலியில் மும்முறை கூறும் 'மேடே' என்னும் அழைப்பு ஆங்கில மே மாதத்தோடு தொடர்புடையதன்று. 'எனக்கு உதவுக' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிவடிவம் அது. 1920-களில் இலண்டன் குராய்டன் வானூர்தி நிலையத்து வானொலி அலுவலர் ஒருவர் அமைத்தது. 1927-இல் பன்னாட்டு வழக்காயிற்று. அதற்கடுத்த நிலை இடரைக் குறிக்கும் 'பான்-பான்', எச்சரிக்கையைக் குறிக்கும் 'செக்யூரித்தே' ஆகிய இரண்டும் பிரெஞ்சே. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூர்ப் பெரியவர் ஒருவர், உலக மாலுமியர் பயிற்சி பெற்று அறியும் இக்குறிகளைப் பயிற்சியின்றியே அறிந்துகொள்வார். ஒருவனுக்குக் குழூஉக்குறியாய் இருப்பது மற்றொருவனுக்குத் தாய்மொழியாய் இருக்கலாம்.

அவ்வாறு அமைந்ததொரு பேரிடர் உண்டு. 1994 செப்டம்பர் 28 நள்ளிரவு கடந்த வேளை, எஸ்தோனியா நாட்டுத் தலைநகர் தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்ற 'எஸ்தோனியா' என்னும் பயணிகள் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. புயலலை மோதி முன்முகக் கதவு பெயர்ந்து, ஊர்திகள் நிறுத்தும் தளத்தில் நீர் புகுந்தது. கப்பலில் இருந்தோர் 989 பேர். மாண்டோர் 852 பேர். மீண்டோர் 137 பேர். கப்பல் சாயத்தொடங்கியபோது ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மெலிதாக, 'அபாயம், அபாயம், கப்பலில் அபாயம்' என்று எஸ்தோனிய மொழியில் கூறியது. பயணிகளில் பெரும்பாலோர் ஸ்வீடன் நாட்டவர். அவர்களுக்கு அது விளங்காது. அதன்பின் வந்த அறிவிப்பு, 'மிஸ்டர் ஸ்கைலைட், ஒன்று மற்றும் இரண்டு' என்பது. அது பணியாளருக்கு உரிய குறி. பயணிகள் அனைவருக்கும் விளங்காது. எல்லோருக்கும் உரிய பொது அபாய ஒலி அதன் பின்னரே எழுந்தது. அதற்குள் நடைவழிகள் சுவர்போல் சாய்ந்துவிட்டன. குறி திறந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று நாம் கூறவில்லை. கப்பல் மூழ்க ஒரு மணி நேரமும் ஆகவில்லை. ஆயினும் அந்தச் சில நிமிடங்கள் எவருடையவை என்னும் வினா எழாமற் போகாது.

பொது அபாய ஒலி என்றோமே, அஃது ஏழு குற்றொலியும் ஒரு நெட்டொலியும் ஆகும். மாத்திரைக் கணக்கறிந்த தமிழ் மாணவர் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார். டைட்டானிக் கப்பல் 1912-இல் மூழ்கியதன் விளைவாக 1914-இல் தோன்றி, பன்முறை திருத்தப்பெற்ற கடலுயிர்ப் பாதுகாப்புப் பன்னாட்டு ஒப்பந்தம், கப்பலில் உள்ளோர் அனைவருக்கும் பொதுவாக வைத்த குறி இது. பயணிகளுக்கு இதனைக் கற்பிக்கும் ஒத்திகையை முன்னர்ப் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2012 ஜனவரி 13-இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதியது. பயணிகளிடம் மின்தடை என்றே கூறிக்கொண்டிருந்தனர். கப்பலை விட்டு வெளியேறும் கட்டளை ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தே வந்தது. 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலர் ஒத்திகையையே கண்டிலர். அதன்பின் விதி மாறியது. 2015 ஜனவரி முதல் நாள்தொட்டு, கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ ஒத்திகை நிகழ்ந்தாக வேண்டும். கன்கார்டியாவில் 'மின்தடை' என்றது குழூஉக்குறியாகாது, அது பொய். அறிந்தவர் தம் கடமைக்கு விரைவதற்காகவே பிறர் அறியாச் சொல் ஆளப்படுகிறது. கடமைக்கு எவரும் விரையாதபோது அச்சொல்லுக்குத் தகுதி வழக்கு என்னும் பெயர் பொருந்தாது.

நம் வாப்பாவும் கப்பலில் சென்றவர்தாம். ரஜூலாவுக்குப்பின் 1970-களில் வந்த 'சிதம்பரம்' கப்பல் அவர் காலத்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் வங்கக் கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். சிங்கப்பூர்த் தடமும் அத்துடன் முடிவுற்றது. அப்போது வாப்பா கப்பலில் இல்லை, ஊரில் இருந்தார். செய்தி வந்த நாளில் தெருவில் எவரும் 'தீ' என்னும் சொல்லைச் சொல்லவில்லை என்றும், 'கப்பலுக்கு ஒன்று ஆகிவிட்டது' என்றே ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்டனர் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உறவினர் கப்பலில் இருந்த வீட்டார் காதில் விழலாகாது என்பதே காரணம். அதனைக் கருணையென்று அவர் கருதினார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவரை நெஞ்சுவலிக்காக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். கீழ்த்தளத்துக் கூடத்தில் நம்மருகே ஓர் அம்மையார் அமர்ந்து, கணவருக்கென்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நார் ஒன்றும் ஒட்டாமல் சுளைசுளையாகப் பிரித்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினார். அப்போது ஒலிபெருக்கி, 'கோட் புளூ, மூன்றாம் தளம்' என்று இருமுறை கூறிற்று. மூன்றாம் தளம் என்பது விளங்கியது. வாப்பா இருந்ததும் அங்கேதான். முதற்சொல் விளங்கவில்லை. செவிலியர் இருவர் படிக்கட்டில் ஏறி விரைந்தனர். "என்ன தம்பி சொல்லுறாங்க?" என்று அம்மையார் வினவினார். "டாக்டர் யாரையோ அழைக்கிறார்கள் போலும்" என்றோம். அவர் மீண்டும் உரிக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் கழித்துச் செவிலியர் ஒருவர் இறங்கிவந்து அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

கோட் புளூ என்றால் இதயம் நின்றுவிட்டது என்பது பொருளென அன்று மாலை மருந்தகத்தில் கேட்டறிந்தோம். அந்தக் கால் மணி நேரத்தை அவருக்குக் குறிச்சொல் கொடையாக அளித்ததா, அவரிடமிருந்து கவர்ந்துகொண்டதா என்று இன்றும் நம்மால் துணிய இயலவில்லை. அறிந்திருந்தால் மேலே ஓடியிருப்பார். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பார். ஆயினும் கதவுக்கு வெளியேயாவது நின்றிருப்பார். நம் வாப்பா பத்து நாளில் இல்லம் திரும்பினார். இந்நிகழ்ச்சியை அவரிடம் கூறியபோது, "சொல்லாமல் விட்டது நல்லதுதான்" என்றார். உம்மாவோ, "எனக்கு அப்படி நேர்ந்தால் நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள்" என்றார். ஒரே வீட்டில் ஒரே பாயில் அமர்ந்திருந்தோர் இருவர்.

அறிந்தவரே அறியாதவராய் மாறிய காலமும் வந்தது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் தொற்றுநோயால் நிறுத்தி வைக்கப்பட்டது. அதிலிருந்த 3711 பேரில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் கொரோனாவுக்கு ஆளாயினர். இந்தியர் 138 பேரில் 132 பேர் பணியாளர்கள், தமிழ்நாட்டாரும் இருந்தனர். பயணிகள் அறைகளுக்குள் இருத்தப்பட்டனர். பணியாளரோ உணவு சுமந்து கதவு கதவாகச் சென்றனர். தம்முள் எவருக்கு நோய், அடுத்து என்ன என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அப்போது அவர்கள் குறிச்சொல் எதனையும் கையாளவில்லை. முகமூடி அணிந்து கைப்பேசி முன் நின்று, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று தம் நாட்டாருக்கு விளங்கும் மொழியில் வேண்டினர். அம்மாத இறுதியில் 119 இந்தியர் தனி வானூர்தியில் அழைத்துவரப்பட்டனர்.

கீழவாஞ்சூரில் இப்போது கப்பலுக்குக் குறைவில்லை. 2009-இல் திறக்கப்பட்ட காரைக்கால் துறைமுகம் நம் ஊரில்தான் அமைந்துள்ளது. வருவன பெரும்பாலும் நிலக்கரிக் கப்பல்கள். பயணிகள் கப்பல் வேண்டுவோர் நாகைக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து இலங்கைக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் கப்பல் விடப்பட்டது. இரு கரையும் தமிழ் வழங்கும் கரை. அத்தடத்தில் ஏழு குற்றொலியின் பொருளைத் தமிழில் விளக்காமல் வேறெம்மொழியில் விளக்குவது? இக்கரை மக்களும் குறி அறியாதவரல்லர். புயற்காலத்தில் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் சிறுவரும் கூறுவர். என்றாலும் அதனைப் பாதியே அறிவர். எண் ஏற ஏறப் புயலின் வலிமையும் ஏறும் என்பது பொதுக்கருத்து. உண்மையில் ஐந்துக்கும் ஆறுக்கும் வலிமையில் வேறுபாடில்லை. துறைமுகத்தை இடப்புறம் விட்டுப் புயல் கரை கடக்குமாயின் ஐந்து, வலப்புறம் விட்டால் ஆறு, துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் ஏழு. கடும்புயலாயின் அம்முறையே எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று என்பது வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அற்றுவிட்டது, நிலைமை தீயதென்று துறைமுக அலுவலர் கருதுகிறார் என்பதற்குரியது. இவ்விளக்கத்தை மீனவர் தெருவில் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும் என்பது நம் நெடுநாள் அவா. 2004 டிசம்பர் 26-இல் இக்கரையை விழுங்கிய அலைக்கு இங்கே கூண்டுமில்லை, எண்ணுமில்லை, பெயருமில்லை. சுனாமி என்னும் சொல்லையே இறந்தவர்களை அடக்கிய பின்னர்தான் நம்மவர் கற்றனர்.

மீண்டும் நம் மாணவரிடம் வருவோம். ஒருநாள் அவர் கப்பலிலிருந்து தாயாரோடு காணொளியில் பேசிக்கொண்டிருக்கையில், 'ஆஸ்கார், ஆஸ்கார், ஆஸ்கார்' என்று ஒலிபெருக்கி அலறிற்று. "பிறகு பேசுகிறேன் ஆத்தா" என்று துண்டித்துவிட்டார். அது ஒத்திகையன்று என்பதை நம்மிடம் பின்னர்க் கூறினார். கப்பலைத் திருப்பி அந்தி வரை அப்பகுதியைச் சுற்றினராம். அதற்குமேல் அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. மறுநாள் தாயார், "யாரப்பா அந்த ஆஸ்காரு, மூணு தடவை கூப்பிட்டாங்களே?" என்று வினவியபோது, "கூட வேலை பார்க்கிற பையன் ஆத்தா, கேப்டன் கூப்பிட்டார்" என்று கூறிவிட்டார்.

அன்றுமுதல் அத்தாயார் ஒவ்வொரு முறை பேசும்போதும் ஆஸ்காரின் நலம் வினவி வருகிறார். கடைத்தெருவில் நம்மைக் கண்டாலும், "ஐயா, எம்புள்ளையோட ஆஸ்காருன்னு ஒரு புள்ள இருக்கு, அதுக்கும் பெத்தவ இருப்பாள்ல" என்பார். சென்ற விடுப்பு முடிந்து மகன் புறப்பட்ட அன்று, அவருக்கொரு பொட்டலமும் ஆஸ்காருக்கென்று தனியே ஒரு பொட்டலமுமாக நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். மகன் இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.